சுண்ணாம்பு பூசிய கலயம்

புளிப்பைப் போல மனிதனைக் குழப்புகிற சமாசாரம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தோசை மாவு பொங்கிப் புளிக்க வேண்டும் என்று இரவெல்லாம் காத்திருக்கிற அதே வீட்டில், பால் புளித்துவிடக் கூடாதே என்று காலையில் முதல் காரியமாக அதைக் காய்ச்சி வைக்கிறார்கள். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. குழம்பே புளித்துப்போனால் வாசல் சாக்கடை. மாங்காய் ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டியை விட்ட குற்றத்துக்காக, தலைத்தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைக்கூட முறைத்துப் பார்த்த மாமியார்கள் உண்டு. ஜாடியைத் திறந்ததும் மேலே வெள்ளையாக ஓர் ஆடை தென்பட்டால் அந்த அம்மாளுக்கு நெஞ்சு 'திக்'கென்று அடித்துக்கொள்ளும். முழு ஜாடியும் போய்விட்டதா, மேலாக எடுத்துப்போட்டால் தேறுமா? மூக்கை அருகில் கொண்டுபோவதும், ஒரு துளியை நாக்கில் வைப்பதும், முகத்தைச் சுளிப்பதும், மறுபடி மோந்து பார்ப்பதுமாக அரை மணி நேரம் போகும்.

மேல்நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கிறவர்கள் படுகிற பாடும் இதுதான். பாத்திரத்தைக் கழுவினோமே, சரியாகக் கழுவினோமா, மேலே மிதப்பது நல்ல நுரையா, கெட்ட பூஞ்சணமா என்று தூக்கம் கெட்டுக் கிடப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று நம்மைக் கேட்காமல் பானைக்குள் நுழைந்துவிட்டது என்கிற கவலை உலகப் பொதுவானது. அதற்கு நம் ஊரிலும் ஒரு சரித்திரம் உண்டு. அது மச்சு வீட்டு அடுக்களையில் நடந்த சரித்திரமல்ல; பனைமரத்தின் உச்சியில் நடந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாகத் தெற்கே போகிற வறண்ட சீமையைப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். அருப்புக்கோட்டை தறிச் சத்தமும் மல்லிகைப் பூ வியாபாரமும் உள்ள ஊர். திருச்சுழி, ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர். அதன் பக்கமாக ஓடுவதாகச் சொல்லப்படுகிற குண்டாறு, வருஷத்தில் பெரும் பகுதி மணலாகத்தான் கிடக்கும். பழைய ராமநாதபுரம் ஜில்லாவாக இருந்து, 1985-இல் ஜில்லா பிரிந்தபோது விருதுநகர்ப் பக்கம் வந்த பிரதேசம் இது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் மிளகாயும் பருத்தியும் மல்லியும் போட்டவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இந்தக் கஷ்டங்கள் எதையும் பொருட்படுத்தாமல் கண்மாய்க் கரைகளில் நிமிர்ந்து நிற்பது பனை ஒன்றுதான்.

பனையிடம் ஒரு விநோதம் உண்டு. மற்றப் பயிரெல்லாம் வாடுகிற காலத்தில்தான் அது சுரக்கும். தை, மாசியில் பாளை விட ஆரம்பித்து, பங்குனி, சித்திரை வெயிலில் சாறு பெருகி, ஆனி வாக்கில் ஓயும். பாளையைக் கட்டி, இடுக்கி நசுக்கிப் பக்குவப்படுத்தி, அதன் நுனியைத் தினந்தோறும் மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கலயம் கட்டிப் பிடிக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறவேண்டும். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாளுடன் ஒரு பெட்டி. நாளொன்றுக்கு 30 மரம், 40 மரம் என்று ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள். மார்பில் காய்ப்புக் காய்த்து, உள்ளங்கை மரப்பட்டைபோல ஆகிவிடும். கால் தவறினால் சரித்திரம் அத்தோடு முடிந்தது.

மரத்திலிருந்து இறங்குகிற சாறு பிறக்கும்போது கள்ளும் அல்ல, பதநீரும் அல்ல. வெறும் இனிப்பு நீர். நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை இருக்கும். புளிப்போ காரமோ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களுக்கு இதைவிடச் சிறந்த விருந்து ஏது? காற்றில் இருப்பது, பாளையில் ஒட்டியிருப்பது, ஈ எறும்பின் காலோடு வருவது, பழைய கலயத்தின் சுவரில் பதுங்கியிருப்பது எல்லாம் முதல் சொட்டு விழுந்த கணமே பந்தியில் உட்கார்ந்துவிடும். சித்திரை வெயிலில், கலயம் நிறைவதற்கு முன்பே நொதிப்பு ஆரம்பித்துவிடும். சாறு நன்றாகச் சுரக்கிற பருவமும் சீக்கிரமாகக் கெடுகிற பருவமும் ஒன்றாக அமைந்தது இயற்கை செய்த குறும்பு என்றே சொல்ல வேண்டும்.

அந்த இனிப்பு நீரை அப்படியே விட்டால், ஒரு நாளைக்குள் சர்க்கரை குறைந்து நூற்றுக்கு 4, 5 பங்கு சாராயச் சத்து ஏறிவிடும். இன்று கடையில் விற்கிற பீர் பாட்டிலில் இருப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுதான் கள். இன்னும் ஒரு நாள் விட்டால் வேறு கிருமிகள் வந்து சாராயத்தையும் தின்று காடியாக்கிவிடும். ஆனால் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டுக் கட்டினால், சாறு காரத்தன்மை அடைகிறது. சிற்றுயிர்களுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது. சர்க்கரை சர்க்கரையாகவே நிற்கும். அதுதான் பதநீர். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே அரிவாள். விரலளவு சுண்ணாம்பில் இருக்கிறது வித்தியாசம்.

இந்த இடத்தில் இரண்டு தொழிலாளிகளின் பழக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமானது. கள் இறக்குகிறவர் கலயத்தைச் சுத்தமாகக் கழுவமாட்டார். அடியில் பழைய மண்டி கொஞ்சம் தங்கட்டும் என்று விடுவார். நம் வீடுகளில் பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி, புதுச் சாற்றுக்குப் பழைய மண்டிதான் உறை. பதநீர் இறக்குகிறவருக்கு அந்த மண்டிதான் ஜன்ம விரோதி. ஒவ்வொரு தடவையும் கலயத்தைக் கழுவி, காயவைத்து, புதுச் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார். ஒருவருக்கு உறையாக இருப்பது இன்னொருவருக்கு விஷமாக இருக்கிறது.

விஷம் என்று சொன்னது மிகையல்ல. பதநீரில் பெரும் பகுதி குடிப்பதற்காக இறக்கப்பட்டதல்ல. கருப்பட்டி காய்ச்சுவதற்காக இறக்கப்பட்டது. காலையில் முப்பது நாற்பது மரத்துச் சாறும் ஒரே பாத்திரத்தில் ஊற்றப்பட்டு அடுப்பில் ஏறும். காய்ச்சுவது வீட்டுப் பெண்பிள்ளைகளின் வேலை. அனல் வீசுகிற ஓலைக் குடிசைக்குள் உட்கார்ந்து, பொங்கி வழியாமல் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டு, பாகு பதம் வருகிற வரைக்கும் துழாவ வேண்டும். அதில் ஒரு கலயம் புளித்த சாறு சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புளித்த சாற்றிலுள்ள சர்க்கரை உடைந்துபோன சர்க்கரை, அது உறையாது. மணிக்கணக்காக விறகு எரித்த பிறகு, சிரட்டையில் ஊற்றினால் கட்டியாகாமல் கூழாக நிற்கும். ஒரு நாள் முழுதும் உயிரைப் பணயம் வைத்து ஏறிய உழைப்பு அந்தக் கூழில் போய்விடும். சரி, சுண்ணாம்பை அதிகமாகவே தடவிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. கருப்பட்டி கறுத்து, ருசி கெட்டு, தொண்டையைக் கமறும். குறைந்தாலும் நஷ்டம், கூடினாலும் நஷ்டம். எவ்வளவு தடவ வேண்டும் என்பதைச் சொல்ல அளவுகோல் எதுவும் கிடையாது. அன்றைய வெயிலைப் பார்த்து விரல்தான் முடிவு செய்யவேண்டும்.

திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், ஏறுவதை விட்டுப் பல வருஷங்களான பெரியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "மரத்து மேல நின்னுக்கிட்டு, சாறு கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படி அய்யா கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கலயத்தக் காதுகிட்ட வச்சுக் கேளுங்க, தம்பி. நல்ல கலயம் ஊமையா இருக்கும். கெட்ட கலயம் மொணமொணன்னு பேசும்."

"பேசினா?"

"அங்கனயே கவுத்திருவோம். ஒரு கலயத்துக்கு ஆசப்பட்டா ஒரு அடுப்புச் சரக்கும் போயிரும்."

நொதிக்கிற திரவத்திலிருந்து கரியமிலவாயு குமிழிட்டு வெளியேறுகிறது என்று நான் படித்த சொற்ப ரசாயனத்தைக் கொண்டு தெரிந்துவைத்திருந்தேன். அந்தக் குமிழின் ஓசையைக் காதில் வாங்கி, அதை வைத்து ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தைக் காப்பாற்றலாம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இத்தனை சிரமப்பட்டு ஏன் கருப்பட்டியாக்க வேண்டும் என்றால், சாறு பிரயாணம் செய்யாது, கருப்பட்டி செய்யும். மாட்டு வண்டியில் ஏற்றினால் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகலாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே வந்த நாடார் வியாபாரிகள், கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு இந்த வறண்ட பூமியில் தங்கினார்கள். வழியில் கள்ளர் பயத்துக்காகச் சுற்றுச்சுவருடன் பேட்டைகள் கட்டிக்கொண்டார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்களில் அவர்களுடைய வியாபாரம் வேரூன்றியது. இன்று விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுபட்டியும் அருப்புக்கோட்டையும் பெரிய சந்தைகளாக நிமிர்ந்ததற்குப் பின்னால் எத்தனையோ காரணங்கள் உண்டு. கெடாமல் காப்பாற்றப்பட்ட இனிப்பும் அவற்றில் ஒன்று.

இப்போது கொஞ்சம் கடல் கடந்து போய்வருவோம். 1856-இல் பிரான்ஸ் தேசத்து லீல் நகரத்தில் பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கிற பீகோ என்ற முதலாளிக்கு நம் பனையேறியின் கவலை வந்தது. தொட்டிகளில் சில நன்றாக நொதிக்கின்றன. சில புளித்து நாறுகின்றன. அவருடைய மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியரிடம் ஓடினார். லூயி பாஸ்டர் என்பது அந்தப் பேராசிரியரின் பெயர். அவர் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் அணுக்களும், கெட்ட தொட்டியில் குச்சி போன்ற வேறு உயிர்களும் தென்பட்டன. புளிப்பு என்பது தானாக நேர்கிற சங்கதி அல்ல, அழைக்காமல் நுழைந்த விருந்தாளிகளின் வேலை என்ற சித்தாந்தம் அங்கேதான் கருக்கொண்டது.

1870-71 யுத்தத்தில் ஜெர்மானியரிடம் பிரான்ஸ் தோற்றதும் பாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜெர்மானியரை பீரிலாவது ஜயிக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார். 1871-இல் லண்டனில் விட்பிரெட் என்ற பெரிய பீர்ச் சாலைக்குப் போய், அவர்களுடைய ஈஸ்ட்டைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, அதில் கலந்திருந்த அந்நியக் கிருமிகளைக் காட்டினார். முதலாளிகள் வெலவெலத்துப்போனார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தச் சாலையில் சொந்தமாக ஒரு பூதக்கண்ணாடி வந்துவிட்டது. பாஸ்டரின் பீர் நூல் 1876-இல் வெளிவந்தது. 1883-இல் கோபன்ஹேகன் நகரத்தில் கார்ல்ஸ்பெர்க் சாலையின் ஹான்ஸன், ஒரே ஓர் ஈஸ்ட் அணுவிலிருந்து கலப்பற்ற வம்சத்தை வளர்த்துக் காட்டினார். காட்டு ஈஸ்ட் நுழைந்து பீரைக் கெடுப்பதை அதன் பிறகுதான் தடுக்க முடிந்தது.

இவர்களையெல்லாம் நான் வணங்குகிறேன். ஆனால் சுண்ணாம்புக் கலயத்தோடு மரமேறியவருக்கு பாஸ்டர் பெயரும் தெரியாது, பூதக்கண்ணாடியும் கிடையாது. கழுவு, காயவை, காரம் தடவு, சந்தேகம் வந்தால் கவிழ்த்துவிடு என்பதுதான் அவருடைய சாஸ்திரம். இன்றைய பீர்ச் சாலையின் சுத்த சாஸ்திரமும் சாராம்சத்தில் அவ்வளவுதான்.

இந்த விஞ்ஞானிகளின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு கிருமி. ஸைமோமோனஸ் மொபிலிஸ் என்று இன்று அதற்குப் பெயர். 1912-இல் இங்கிலாந்தில் பார்க்கர், ஹில்லியர் என்ற இருவர், ஆப்பிள் மதுவுக்கு வருகிற ஒரு நோய்க்கு இந்த மாதிரிக் கிருமிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1920-களில் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர், மெக்ஸிகோ தேசத்தில் கற்றாழை இனச் செடியிலிருந்து எடுக்கிற புல்கே என்ற பானத்தில் இதைக் கண்டார். அங்கே அது நோயல்ல. பானத்தை உண்டாக்குகிற உபகாரி. 1937-இல் ஷிம்வெல் என்பவர் இங்கிலாந்தில் கெட்டுப்போன பீரில் இதைப் பிடித்து, பீரின் புதிய வியாதி என்று பதிவு செய்தார். நம் பனங்கள்ளிலோ ஈஸ்ட்டோடு தோளுக்குத் தோள் நின்று இதே கிருமி வேலை செய்கிறது. இங்கிலீஷ் பீரில் திருடன், மெக்ஸிகோவில் விருந்தாளி, நம் கள்ளுக்கலயத்தில் வீட்டுப் பிள்ளை, பக்கத்து மரத்துப் பதநீர்க் கலயத்தில் மறுபடியும் திருடன். கிருமி ஒன்றுதான். பானைக்கு உரியவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதைப் பொறுத்து அதன் ஜாதகம் மாறிவிடுகிறது.

பானைக்கு உரியவரோடு இது நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். பானைக்கு உரியவருக்கும் மேலே ஒருவர் வந்து, கலயத்துக்குள் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது என்று தீர்மானித்தார். சர்க்கார்தான் அவர்.

1886-ஆம் வருஷத்துச் சென்னை அப்காரிச் சட்டத்தில், கள் என்பதற்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள். தென்னை, பனை, ஈச்சை முதலிய மரங்களிலிருந்து இறக்கும் புளித்த அல்லது புளிக்காத சாறு என்பது அதன் கருத்து. புளித்தாலும் கள், புளிக்காவிட்டாலும் கள்! குழந்தை பிறக்கும்போதே குற்றவாளி என்று எழுதிவைத்த மாதிரிதான். வெள்ளைக்கார சர்க்காருக்கு மதுவின்மேல் விரோதம் ஒன்றும் இல்லை, வரியின்மேல் பிரியம். கள், சாராய வருமானம் மாகாண கஜானாவின் பெரிய தூண்களில் ஒன்றாக இருந்தது. சாறு எந்த நிமிஷத்தில் கள்ளாகிறது என்று மரத்தடியில் உட்கார்ந்து ஆராய யாரால் முடியும்? ஆகவே சுண்ணாம்பு ஓர் அடையாளமாயிற்று. கலயத்தில் சுண்ணாம்பு பூசியிருந்தால் இனிப்புச் சாறு, இல்லாவிட்டால் கள். சாற்றைக் காப்பாற்றுவதற்காகத் தடவிய சுண்ணாம்பு, ஆளைக் காப்பாற்றுகிற அத்தாட்சியாகவும் ஆகிவிட்டது.

பிறகு காந்தி யுகம் வந்தது. 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம், பனைவெல்லத்தைக் கைத்தொழிலாக எடுத்துக்கொண்டது. குடியையும் ஒழிக்கலாம், குடிசைக்கும் சோறு போடலாம் என்பது அந்த யோசனை. ஷிம்வெல் பீரின் வியாதியைக் கண்டுபிடித்த அதே 1937-இல், அக்டோபர் 1-ஆம் தேதி, ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடை வருமானம் போன பள்ளத்தை நிரப்புவதற்காக 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்று கடையில் சாமான் வாங்கி வரியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள், அந்த வரியின் வம்சாவளியில் ஒரு கள்ளுக்கலயம் இருப்பதை அறியமாட்டார்கள். வேலை போன மரமேறிகளுக்குப் பதநீரும் வெல்லமும் மாற்றுத் தொழிலாகக் காட்டப்பட்டன. 1948 அக்டோபர் 2-ஆம் தேதியிலிருந்து சென்னை மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது.

கள்ளினால் பாழான குடும்பங்கள் ஏராளம். சனிக்கிழமைக் கூலி சாயங்காலத்துக்குள் கரைந்துபோய், ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாத வீடுகளின் கண்ணீர் பொய்யல்ல. மதுவிலக்கு வேண்டுமென்று பாடுபட்டவர்களின் நெஞ்சில் இருந்தது அந்தக் கண்ணீர்தான். அதை யாரும் பரிகாசம் செய்ய முடியாது. நான் சொல்ல வருவது வேறு. இந்தப் பெரிய தர்மயுத்தத்தின் பாரத்தில் ஒரு பங்கை, கடைசியில், தளைநாரோடு மரத்தில் தொங்குகிற ஒரு மனிதன் சுமக்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் கலயம் புளித்தால் கருப்பட்டி நஷ்டம். இப்போது புளித்தால் கேஸ். வெயில் கொஞ்சம் அதிகமாக அடித்ததும், சுண்ணாம்பு கொஞ்சம் நீர்த்துப்போனதும் குற்றத்துக்குச் சாட்சிகளாகிவிடக்கூடும். "அவுகளுக்குக் காது கெடையாது தம்பி, மூக்குதான்" என்று அந்தப் பெரியவர் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குப் பின்னால் பல வருஷத்துப் பயம் இருந்தது. ஊறுகாய் ஜாடியை மோந்து பார்க்கிற அம்மாளுக்கு, தப்பிப்போனால் ஒரு ஜாடி ஊறுகாய்தான் நஷ்டம். இவருக்கு மோந்து பார்த்தவர் வேறு. தண்டனை அனுபவிக்க வேண்டியவர் வேறு.

கள் மறைந்தால் குடி மறையும் என்று நினைத்தவர்கள், பானைக்கு மண்ணுக்குள்ளும் இடம் உண்டு என்பதை மறந்தார்கள். வெல்லத்தையும் வேலம்பட்டையையும் தண்ணீரில் ஊறப்போட்டு, பானையைப் புதரில் புதைத்து வைத்தார்கள். அதற்கு 'ஊறல்' என்று பெயர். கண்மாய்க்குள் மண்டிக்கிடந்த கருவேலங்காடு அதற்குப் பாதுகாப்பு. அங்கேயும் கவலை உண்டு: ஊறல் பதமாயிற்றா, வீணாயிற்றா? ஆனால் அது சுத்தத்தைப் பற்றிய கவலையாக இல்லை. போதை போதவில்லையென்றால் எதையாவது போட்டு ஏற்றிவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது. ஒளித்து வைக்கிற பானையைக் கழுவுவதற்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது?

சட்டமும் ஒரே நிலையில் நிற்கவில்லை. 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். 1974-க்குள் மறுபடி இறுக்கினார்கள். 1981-இல் கள்ளும் சாராயமும் திரும்பி வந்தன. 1987-இன் தொடக்கத்தில் இரண்டும் மறுபடி போயின. அன்று போன கள் இன்றுவரை தமிழ்நாட்டுக்கு வரவில்லை. சீசாவில் அடைத்த சீமைச் சாராயத்தை மட்டும், 2003-லிருந்து சர்க்கார் நிறுவனமே கடை வைத்து விற்கிறது. எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் கள் சட்டப்படியான பானம். மரத்துக்கும் மாகாண எல்லை தெரியாது, ஈஸ்ட்டுக்கும் தெரியாது. கலயம் கட்டுகிறவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் நிஜமான விஷம் வேறு வழியாக வந்தது. மெதனால் என்பது தொழிற்சாலைகளில் உபயோகிக்கிற ஒரு சாராயம். பார்வைக்கும் வாசனைக்கும் குடிக்கிற சாராயத்தைப் போலவே இருக்கும். வயிற்றுக்குள் போனதும் உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் போகும். பிறகு உயிர் போகும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெதனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அத்தனை பேரும் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற ஏழைகள். பானை புளிப்பதால் வருகிற விஷமல்ல இது. பனஞ்சாறு தானாக நொதிக்கும்போது உண்டாகிற மெதனால் மிக மிகச் சொற்பம். பானையைப் பார்த்துப் பயந்த சட்டத்தின் கண்ணுக்குத் தப்பி, பீப்பாயில் வந்து சேர்ந்த எமன் அது. கள்ளை அனுமதித்தால் இந்தச் சாவுகள் நின்றுவிடும் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கள்ளும் குடிதானே என்று மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாவலாசிரியன் தீர்ப்பு வழங்குகிற நீதிபதி அல்ல. ஆனால் எந்தக் கலப்படத்தைப் பார்த்து இத்தனை வருஷம் பயந்தோம், எந்தக் கலப்படம் உயிரைக் குடித்தது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இன்று அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் பனைகள் இன்னும் நிற்கின்றன. ஏறுவதற்குத்தான் ஆள் குறைந்துவிட்டது. ஏறியவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அதற்காக வருத்தப்படுவது அநியாயம். தன் பிள்ளை அந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று எந்தத் தகப்பன் ஆசைப்படுவான்? 1978-இலேயே பனையை மாநில மரமாக்கினார்கள். 2021-இல் கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். 2023-இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்துக்கு மரியாதை வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் சந்தையில் கருப்பட்டி என்ற பெயரில் சீனியைக் காய்ச்சிக் கலந்த கட்டியும், பதநீர் என்ற பெயரில் சாக்கரின் கரைத்த தண்ணீரும் கூச்சமில்லாமல் விலைபோகின்றன. புளித்த ஒரு கலயத்தைத் தரையில் கவிழ்த்த வம்சத்தின் சரக்கில், இன்று இடைத்தரகர் வேண்டுமென்றே கலக்கிறார். அதைக் கண்டுபிடிக்கிற நாக்கும் நமக்கு மரத்துக்கொண்டு வருகிறது.

மரத்தை நட்டுவிடலாம். சட்டத்தைத் திருத்திவிடலாம். இன்றைய வெயிலுக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று அறிந்த விரலையும், பேசுகிற கலயத்தையும் ஊமைக் கலயத்தையும் பிரித்தறிகிற காதையும் எந்த நாற்றங்காலில் வளர்ப்பது? தப்பு நேர்ந்தால் பசி, அல்லது போலீஸ் என்று இரண்டு பக்கமும் பயந்துகொண்டே, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவு அது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதி வைக்கக்கூடிய விதமான அறிவாகவும் அது இல்லை.

வருகிற பங்குனியில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்மாய்க் கரையில் யாராவது ஒருவர் மரத்திலிருந்து அப்போதுதான் இறங்கி நின்றால், காரை நிறுத்தி ஒரு பட்டை பதநீர் வாங்கிக் குடியுங்கள். பச்சைப் பனையோலையின் மணத்தோடு இனிப்பு இறங்கும். பின்னாலேயே சுண்ணாம்பு லேசாகத் தொண்டையில் தட்டுப்படும். முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்தக் கலயத்துக்காக அவர் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார் என்பதன் ருசி அது.